ஹுன்னஸ்கிரிய வாழ் எவோ ஒன்றின் கிளட்ச் இன்மை குறித்து: ஒரு முன்னாய்வு

ஆய்வுப் பொருள் ஒரு கார். மிட்சுபிஷி 2002இல் வெளியிட்ட லான்சர் எவலூஷன் 7 ஜி.டி.ஏ.; நிறம் வெள்ளை; தற்போதைய இருப்பிடம் ஹுன்னஸ்கிரியவில் என் மருமகன் வீட்டு முற்றம். எவோ என்பது ரலி ஓட்டத்துக்கென்றே வளர்ந்த குடும்பம். 1996 முதல் 1999 வரை விடாமல் நான்கு ஆண்டுகள் டொமி மக்கினன் உலக ரலி சாம்பியன் ஆனது இந்தக் குடும்பத்து வண்டிகளில்தான். அப்படிப்பட்ட வம்சத்தில் கிளட்ச் மிதி இல்லாமல் பிறந்த முதல் பிள்ளை ஜி.டி.ஏ. ஐந்து கியர் உண்டு; மாற்றுவது பெட்டியின் பொறுப்பு. உடன்பிறந்தவற்றுக்கு 280 குதிரைவலு என்றால் இதற்கு 272. காணாமற்போன எட்டுக் குதிரைகளைப் பற்றிப் பேசும்போது மருமகனுக்குக் குரல் கம்மும்.

ஆய்வு வினா அவர் கேட்டபடியே: "மாமா, மெனுவலா மாத்தவா, இப்படியே விடவா?"

முன்னோர் ஆய்வு என்று எதையாவது எழுதாவிட்டால் கட்டுரையை யாரும் மதிப்பதில்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெனரல் மோட்டர்ஸ் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ராமெட்டிக் என்ற பெட்டியைப் பொருத்தியது. பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதல் முழு ஓட்டோ பெட்டி அதுதான். போர் வந்ததும் அதே பெட்டி எம்5 ஸ்டுவர்ட் டாங்கிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. குண்டு விழும் இடத்தில் ஒருவன் கியர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்ற நியாயம் யாருக்கும் விளங்கும். அதன்பிறகும் மெனுவல் கட்சிக்காரர் பல்லாண்டு காலம் ஒரே வாதத்தை வைத்துப் பிழைத்தார்கள்: நம் பெட்டிதான் வேகம். இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் வந்த அன்று அந்த வாதம் செத்தது. 2013இல் போர்ஷ 911 ஜி.டி.3 மெனுவலே இல்லாமல் வெளிவந்தது. வாங்குவோர் முகம் சுளித்தார்கள். 2016இல் மெனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற வண்டியை 991 எண்ணிக்கையில் மட்டும் செய்தார்கள். கைமாறிய விலை வானத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே ஜி.டி.3க்கும் மெனுவல் திரும்பி வந்தது. டொயோட்டாவோ இரண்டு பக்கமும் நடந்து பார்த்தது. 2019இல் ஓட்டோவாக மட்டும் வந்த சுப்ராவுக்கு 2022இல் மெனுவல் கொடுத்தார்கள். மெனுவலாக மட்டும் வந்த ஜி.ஆர். யாரிஸ் டர்போவுக்கு 2024இல் ஓட்டோ கொடுத்தார்கள். அவர்களுக்கே தெளியாத விடயத்தில் ஹுன்னஸ்கிரிய மிளகுத் தோட்டக்காரர் ஒருவருக்குத் தூக்கம் கெடுவதில் வியப்பில்லை.

உள்ளூர்ச் சான்று கையில் இருக்க ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஓடுவது நம் ஆய்வாளர்களின் பழைய வியாதி. ஹுன்னஸ்கிரிய சந்தியில் திரும்பி, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கெப் வழியாக மீமுரே போய்ச் சேர்ந்தால், லக்கேகல மலை கூராக நிற்கும். இராவணனின் விமானம் அந்த உச்சியிலிருந்துதான் கிளம்பியது என்று ஊரில் சொல்வார்கள். புஷ்பக விமானம் நினைத்த இடத்துக்குத் தானே போகும் வண்டி. லீவர் இல்லை, மிதி இல்லை, சாரதியும் இல்லை. அதுவும் குபேரனிடமிருந்து பறித்தது, அதாவது செகண்ட் ஹேண்ட். இப்படியொரு வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு இராமனோடு கடைசிச் சண்டைக்கு இராவணன் எதில் போனான்? குதிரை பூட்டிய தேரில், சாரதி அமர்த்திக்கொண்டு. எதிர்ப்பக்கம் இந்திரன் அனுப்பிய தேர், கடிவாளம் மாதலி கையில். வல்லமையைக் காட்ட வேண்டிய நாளில் இரு தரப்பும் ஓட்டோவைத் தொடவில்லை. போர் முடிந்து அயோத்திக்குப் போக மட்டும் இராமன் புஷ்பகத்தில் ஏறினார். நெடுந்தூரப் பயணம், குடும்பமும் கூட. இறங்கியதும் அதைக் குபேரனிடமே திருப்பி அனுப்பினார். கியர் மாற்றிக் கொடுக்கும்படி யாரிடமும் விடவில்லை.

மெனுவல் கட்சி இந்த இடத்தில் கைதட்டும். தட்டட்டும். வால்மீகியில் இன்னோர் இடமும் இருக்கிறது. சண்டைக்கு நடுவே இராவணன் தளர்ந்துபோன ஒரு கணத்தில், சாரதி யாரையும் கேளாமல் தேரைக் களத்துக்கு வெளியே ஓட்டிவிடுகிறான். தெளிந்து எழுந்த இராவணனுக்கு ஆத்திரம் பொங்குகிறது. சாரதி நிதானமாகச் சொல்கிறான்: குதிரைகள் களைத்துவிட்டன, நீங்களும் களைத்திருந்தீர்கள்; இடம், காலம், குதிரையின் பலம் எல்லாம் பார்த்து முன்னே போவதும் பின்னே வருவதும் சாரதியின் கடமை. இராவணன் தணிந்து, கையணி ஒன்றைக் கழற்றிப் பரிசாகக் கொடுக்கிறான்.

அந்தச் சாரதி செய்தது என்ன? சுமை, தரை, வேகம் பார்த்து, எசமானைக் கேட்காமல் ஒரு கியர் குறைத்தான். ஓட்டோ பெட்டிக்குள் இருக்கும் கணினி செய்வதும் இதையேதான். இராவணன் எதற்குக் கோபப்பட்டான் என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். சாரதியின் முடிவு சரி. சரியான முடிவைத் தன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டான், அதுதான் வலித்தது. ஓட்டோ காரின் மேல் என் மருமகனுக்கும் அவரைப் போன்றோருக்கும் உள்ள மனத்தாங்கல் மொத்தமும் இந்த ஓரிடத்தில் அடங்கும் என்பது என் துணிபு. பெட்டி பிழை விட்டால் மன்னித்துவிடலாம். அது பெரும்பாலும் சரியாகவே இருப்பதை எப்படிப் பொறுப்பது?

ஜி.டி.ஏ.வில் லீவரை முன்னும் பின்னும் தட்டிக் கியரை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்டேன். "அது கச்சேரியில மனுக் குடுக்கிற மாதிரி மாமா. நாம கேட்கலாம். தர்றதும் தராததும் அவங்க விருப்பம்" என்றார் மருமகன். இந்த ஆய்வில் இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்கவில்லை.

அடுத்தது கள ஆய்வு. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 பாதை திகன, தெல்தெனிய தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கத்தை விட்டு மேலே ஏறும். 1815இல் கண்டியின் கடைசி அரசர் பிடிபட்டது வழியில் வரும் மெதமஹநுவரப் பக்கத்தில்தான். (அரசர்களுக்குப் பல்லக்கு, தூக்குகிறவன் தோள் மாற்றினால் அதுதான் கியர்.) பிறகு ஹுன்னஸ்கிரிய, மழைக்காலத்தில் பாதி நாள் மூடுபனி. அங்கிருந்து உடுதும்பர தாண்டி இறங்கினால் பேர்பெற்ற பதினெட்டு வளைவு. ஒரு வளைவுக்கு முன்னே ஒரு கியர் குறைத்துப் பின்னே ஒரு கியர் கூட்டுவதாகக் கொண்டால், ஒருவழிக்கு இடது கால் 36 தடவை கிளட்சை மிதிக்க வேண்டும், போகவர 72. மருமகனின் இடது முழங்காலில் பழைய கிரிக்கெட் காயம் ஒன்று உண்டு. புராணம் 18, சித்தர் 18, பாரதப் போர் 18 நாள், சபரிமலைப் படி 18 என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் இப்படி ஒன்று இல்லாத கட்டுரையை ஆழம் போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் கெடுப்பது இ.போ.ச. பஸ். சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வளைவு கண்ணில் படுமுன்பே ஹோர்ன். பிறகு நடுங்கிக்கொண்டிருக்கும் நெடிய கியர்க் கம்பியில் கை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தட்டி, காலை எடுத்து, என்ஜினை ஒரு தடவை உறுமவிட்டு, திரும்ப மிதித்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே இழுவை. மறு கை அதற்குள் ஸ்டியரிங்கை முக்கால் வட்டம் சுற்றியிருக்கும். கொண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருப்பார். இந்தக் காலத்துப் பெட்டிக்கு இரண்டு தடவை மிதிப்பது தேவையில்லை என்று புத்தகம் சொல்லும். தேய்ந்த பெட்டிக்கு எது தேவை என்பது அதை நாள்தோறும் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். நாட்டில் மெனுவல் கலை உயிரோடு இருப்பது இவர்களிடம். அவர்கள் அதற்காக ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதில்லை.

அந்த பஸ்ஸுக்குப் பின்னால் போகும் எவோவுக்கு என்ன கியர்? இரண்டு. முந்த இடம் கிடைத்தால் மூன்று. மீதி மூன்று கியரும் ஹசலக்க சமவெளி வரை சும்மா பயணம் செய்யும். அப்படியானால் பெட்டியை ஐந்தில் இரண்டு பங்கு மட்டும் மாற்றினால் போதாதா என்று மருமகனிடம் கேட்டேன். பதில் வரவில்லை.

மருமகனின் உள்நோக்கம் வேறு. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தவர் அவர். ஒரு தடவையாவது அங்கே ஓட வேண்டும் என்கிறார். அந்த ஆசைக்குக் கியர்பொக்ஸ் ஒரு சாட்டு.

தொழில்நுட்பப் பகுதியை விளக்கியவர் கண்டிப் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒருவர். அவர் வாயால் எதையும் சொல்லவில்லை. கம்பியை இழுத்து, ஓட்டோ எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்து, மருமகனின் மூக்குக்கு நேரே நீட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது, கருகல் வாடை. உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்து தேய்கின்றன என்று அர்த்தம். கேள்வியின் முகமே இதனால் மாறுகிறது. நன்றாக ஓடும் ஓட்டோ பெட்டியைக் கழற்றுவது ஆசை. சாகப்போகும் பெட்டியைத் திறந்து திருத்துவதா, அந்தக் காசில் மெனுவல் போடுவதா என்பது கணக்கு. ஆசையைக் கணக்காக மாற்றிக் கொடுத்த அந்தத் துணியை மருமகன் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

கணக்கும் சின்னதல்ல. பெட்டியை மட்டும் மாற்றினால் தீராது. டோர்க் கன்வேர்ட்டர் போனால் அந்த இடத்தில் பிளைவீல் வேண்டும், கிளட்ச் தட்டு வேண்டும். மூன்று மிதி உள்ள தொகுதி, கிளட்சின் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், இடையில் குழாய், லீவர், அதன் கேபிள்கள், மவுண்டிங், மெனுவலுக்குரிய கணினி. வயரிங் தனிக் கதை. பெட்டி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறது என்ற செய்தி வராவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. மெனுவல் போட்ட பிறகும் கார் தன் பழைய பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். இரண்டு வயரைச் சேர்த்து, இன்னும் பார்க்கில்தான் நிற்கிறாய் என்று அதை நம்பவைக்க வேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மெனுவல் எவோ ஒன்றின் ஹாஃப் கட், அதாவது வெட்டி எடுத்த முன்பாதி, கிடைத்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். தனித்தனியே பொறுக்கினால் கார் பல மாதம் கராஜில் தூங்கும், மருமகன் பஸ்ஸில் போவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய சாமான்களின் விலை போன போக்கு எல்லோருக்கும் தெரியும். 2022இல் கியூ.ஆர். வைத்து காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கொடுத்த காலத்தில் இந்த எவோ முற்றத்தை விட்டு அசையவே இல்லை. அப்போது அது ஓட்டோவா மெனுவலா என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதம் சமையலறைப் பக்கத்திலிருந்து வந்தது. மருமகள் ஓட்டோவில் பழகி, ஓட்டோவில் ட்ரையல் கொடுத்து லைசென்ஸ் எடுத்தவள். பிள்ளையைத் தெல்தெனியவுக்கு டியூஷன் வகுப்புக்கு ஏற்றி இறக்குவது அவள். "மாத்தட்டும் மாமா" என்றாள், தேங்காய் துருவுவதை நிறுத்தாமல். "மாத்துற அன்னைக்கே வகுப்புக்கு ஏத்தி இறக்குற வேலையையும் மாத்திக்குவோம்."

மருமகன் அதையும் ஏற்றுக்கொண்டார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஹாஃப் கட் ஒன்றுக்கு விலை பேசியாயிற்று, தவணை பேசியாயிற்று. முடிவு மெனுவல் பக்கம் சாய்ந்திருந்த நிலையில், பாஸ் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். கழற்றும் ஓட்டோ பெட்டியை எறியவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். நாளைக்குக் காரை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது ஒரிஜினல் பெட்டி எங்கே என்றுதான். நனையாத, ஈரம் ஏறாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹுன்னஸ்கிரிய வீடொன்றில் ஈரம் ஏறாத இடம் ஒன்றே ஒன்று உண்டு, மாடிப்படிக்குக் கீழே. மருமகன் அந்த வார இறுதியில் அளவு நாடாவோடு போய்க் குனிந்து பார்த்தார். மருமகள் அதற்கு முதல் நாளே காய்ந்த மிளகு மூட்டைகளை அங்கே சுவரோடு சுவராக அடுக்கியிருந்தாள். விலை ஏறும்வரை விற்பதாக இல்லையாம்.