அறுபத்தோராவது கார்டு: ஓர் ஆராய்ச்சி

கார்டு விளையாட்டுகளுக்கு டெக் எனப்படும் கார்டுக் கட்டை அமைப்போர் இரு கட்சியினர். எல்லா ஆட்டத்திலும் ஒரே வேலையைத் தவறாமல் செய்யும் கார்டுகளை அடுக்குவோர் உறுதிக் கட்சி. என்றைக்காவது உதவும் என்று எல்லாவற்றிலும் ஒன்று சேர்ப்போர் இருக்கட்டும் கட்சி. 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' இந்தப் பூசலுக்குத் தலையாய களம். அதை வடிவமைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆடுவோரில் பலர் கணிதத்தை அண்டவிடுவதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

வழக்கமான போட்டியில் டெக்கில் குறைந்தது 60 கார்டு வேண்டும். அடிப்படை நிலங்கள் எனப்படும் கார்டுகள் நீங்கலாக ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. ஆட்டத் தொடக்கத்தில் எடுக்கும் முதல் கை 7 கார்டு. நான்கு பிரதி வைத்தால் ஒன்றாவது முதல் கையில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40. ஒரே பிரதி என்றால் 12-க்கும் குறைவு. உறுதிக் கட்சியின் வேதம் இவ்வளவே.

எதிர்க்கட்சியின் வேதம் நினைவாற்றல். 'நேச்சுரலைஸ்' என்ற கார்டு எதிராளியின் ஆர்ட்டிஃபாக்ட் அல்லது என்சான்ட்மென்ட் வகைக் கார்டு ஒன்றை அழிக்கும். எதிராளியிடம் இவை இல்லையென்றால் அது கையில் சும்மா கிடக்கும். சும்மா கிடந்த ஆட்டங்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. காப்பாற்றிய ஒரே ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் சொல்வார்கள். இத்தகைய சந்தர்ப்பக் கார்டுகளின் புகழ் பெரும்பாலும் இப்படி வளர்ந்ததே.

'இருக்கட்டும்' நோயின் முற்றிய நிலைதான் அறுபத்தோராவது கார்டு. எதை எடுப்பது என்று மனம் வராமல், எதையும் எடுக்காமலே ஒன்றைச் சேர்ப்பது. நான்கு பிரதிக் கார்டு முதல் கையில் வரும் வாய்ப்பு இதனால் அரை விழுக்காடுதான் குறையும். அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்பது இருக்கட்டும் கட்சியின் வாதம், கணக்கும் சரி. ஆனால் புதிய கார்டு உள்ளதில் மட்டமானதைவிட மேல் என்றால் அதன் இடத்துக்கு வரட்டும். இல்லையென்றால் ஏன் வர வேண்டும்? இதற்கு இதுவரை வந்த ஒரே மறுமொழி "இருக்கட்டுமே" என்பது.

சமரசத்துக்கு விதியே வழி வைத்திருக்கிறது. மூன்று ஆட்டச் சுற்றில், முதல் ஆட்டம் முடிந்ததும் 15 கார்டு வரை உள்ள சைட்போர்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். எதிராளி யாரென்று தெரிந்தபின் சந்தர்ப்பக் கார்டு சந்தர்ப்பக் கார்டாகவே இராது. 100 கார்டு கொண்ட கமாண்டர் என்ற மேஜிக் ஆட்ட வகையில் அடிப்படை நிலம் தவிர எதிலும் ஒன்றுக்கு மேல் கூடாது என்பதால் இருக்கட்டும் கட்சி அங்கே குடியேறியது. தேர்ந்தவர்களோ வெவ்வேறு பெயரில் ஒரே வேலை செய்யும் கார்டுகளைக் குவித்து அங்கும் உறுதியை நுழைத்துவிட்டார்கள்.

பெரிய டெக்குக்கு ஆதரவாக 2001-இல் 'பேட்டில் ஆஃப் விட்ஸ்' என்ற கார்டு வந்தது. அதைக் களத்தில் இறக்கியவரின் முறை தொடங்கும்போது அவருடைய டெக்கில் 200 கார்டோ அதற்கு மேலோ மிஞ்சியிருந்தால் வெற்றி. அதையும் நான்குக்கு மேல் வைக்க முடியாது. 240 கார்டு டெக்கில் அது முதல் கையில் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 11: அறுபதில் ஒற்றைக் கார்டு வைத்தவருக்கு உள்ளதைவிடச் சற்றுக் குறைவு.