தலையாட்டத் தெரிந்த மேலாளருக்கு

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், பெயர் சொல்ல விரும்பாத வங்கி.

பொருள்: ஐம்பதாயிரம் கேட்டவளுக்கு அரை நிமிடத்தில் ஞானம் வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற திங்கட்கிழமை தங்கள் கண்ணாடி அறையில், வெளியே வரிசையில் நின்ற பாதி ஊர் கேட்கும்படி, "பொம்மை செய்றதெல்லாம் ஒரு தொழிலாம்மா? பொழுதுபோக்குக்குச் செய்யுங்க, வேணாங்கல. லோன்னா வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று அருளினீர்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டாமல் தலையை இடமும் வலமும் ஆட்டினீர்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்பவள் நான். இவ்வளவு வழவழப்பாக ஆடும் கழுத்து என் கைக்கு இன்னும் வாய்க்கவில்லை. பாராட்டுகள்.

தங்கள் தலை மேலும் கீழும்கூட ஆடும் என்பதை அன்றைக்கே பார்த்தேன். எனக்கு முன்னால் உள்ளே போன ரைஸ்மில்காரர் வாயைத் திறக்கும் முன்பே ஆடியது. அவருக்கு டீயும் வந்தது.

தொழில் தெரிந்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். காகிதக் கூழைப் பசையோடு பிசைந்து அச்சில் அடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணம் பூசுகிறோம். நாட்டியப் பெண் பொம்மைக்குப் பாவாடை தனி, உடம்பு தனி, தலை தனி. ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் நிற்கும். கனம் ஒரு சிட்டிகை பிசகினாலும் தலை ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். தங்கள் தலை பணம் இருக்கிற பக்கமே சாய்வதைப் பார்த்தால் ஏதோ உற்பத்திப் பிழை என்று படுகிறது. உப்புத்தாள் கைவசம் இருக்கிறது. சொன்னால் கொண்டுவருகிறேன்.

இது தொழிலா என்று கேட்டீர்கள். தஞ்சாவூர் பொம்மைக்கு 2008-09-இலேயே புவிசார் குறியீடு கொடுத்தாகிவிட்டது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பொம்மை செய்வதும் ஒன்று. குலத்தொழிலுக்குள்ளேயே பிள்ளைகளைத் தள்ளிவிடும் என்று சொல்லி நம் மாநிலம் அதை ஏற்கவில்லை. நியாயம்தான், எனக்கும் இது குலத்தொழில் இல்லை, ஆசைத்தொழில். அதற்குப் பதிலாகக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். டெல்லி ஒரு பக்கம் ஆட, சென்னை மறுபக்கம் ஆட, கடைசியில் எல்லாத் திட்டமும் வந்து தொங்குவது தங்கள் கழுத்தில். மானியம் சர்க்கார் தரும்; கடனை வங்கிதானே தர வேண்டும்?

நான் கேட்டது அவ்வளவுகூட இல்லை. 2015 முதல் இருக்கும் முத்ரா கடன் திட்டத்தில் 'சிஷு' வகை, 50,000 ரூபாய். ஈடு கேட்கக் கூடாத கடன். அதற்குத் தாங்கள் கேட்ட கேள்வி: "நகை ஏதும் இருக்காம்மா?"

நகை இருந்தால் உங்களிடம் எதற்கய்யா வர வேண்டும்? திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் அடகுக்கடைக்கா பஞ்சம்? வீட்டுக்காரர் வந்து என்ன செய்வார்? அவருக்குப் பசை காய்ச்சக்கூடத் தெரியாது. கணக்கு என் பேரில், உத்யம் தொழில் பதிவு என் பேரில், காய்த்துப்போன விரல் என்னுடையது. கையெழுத்து மட்டும் அவருடையது வேண்டுமா?

மன்னிக்கவும். கழுத்துக் கம்பி கொஞ்சம் இறுகிவிட்டது. பணிவுக்குத் திரும்புகிறேன்.

கொலு வியாபாரம் புரட்டாசியில். ஆடியிலேயே சாமான் வாங்கி, வெயில் இருக்கும்போதே காயவைத்தாக வேண்டும். "தீபாவளி கழிச்சு வாங்க, பாக்கலாம்" என்றீர்கள். அறுப்பு முடிந்தபின் மேட்டூரைத் திறந்துவிடும் தங்கள் பெருந்தன்மை யாருக்கு வரும்!

நான் எழுந்தபோது, மாதிரிக்குக் கொண்டுவந்த நாட்டியப் பெண்ணைக் கையில் எடுத்து, "நல்லாருக்கே, வீட்ல கொலுவுக்கு ஆகும், இருக்கட்டும்" என்று மேசையில் வைத்துக்கொண்டீர்கள். தொழிலே இல்லாத தொழிலின் சரக்குக்கு இப்படியொரு மரியாதை! மின்விசிறிக் காற்றில் அவள் உடனே ஆட ஆரம்பித்தாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் 'ஆகட்டும், ஆகட்டும்' என்று ஆடும் தலை, தங்கள் கிளையில் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

அதன் விலை 650 ரூபாய். தாங்கள் காசு கொடுக்கவில்லை. ஆகவே அது கடன். ஆதார், பான், மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன், இரண்டு ஜாமீன்தாரர்களோடு என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள். நகை இருந்தால் நல்லது. கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாங்கள் எனக்கு வாயால் சொல்லி அனுப்பினீர்கள். தங்கள் மனுவை நான் தள்ளினால், காரணத்தைக் கட்டாயம் எழுத்தில் தருவேன்.

இப்படிக்கு,
தங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளத் தகுதி பெற்ற,
பொம்மைக்காரி,
திருக்காட்டுப்பள்ளி.