பரணில் கிடக்கும் சாரி கார்டு

வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849-இல் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை வாங்கி, வெறும் 400 டாலருக்கு அதை விற்றுவிட்டார். காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பின் குத்திக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் துப்பட்டாக்களைப் பார்த்திருந்தால் மனுஷர் விலையைக் கூட்டியிருப்பார்.

பைக் ஓட்டும் நாம் வேறு ரகம், பாதுகாப்பைக் கழற்றுகிறவர்கள். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 123. அதுதான் சாரி கார்டு. புது பைக்கோடு பூந்தமல்லி மெக்கானிக்கிடம் வரும் தம்பி முதலில் கழற்றச் சொல்வதும் அதைத்தான்.

"லுக்கே போயிடுதுண்ணா!"

பிறகு தம்பிக்குக் கல்யாணமாகும். அதே மெக்கானிக், அதே கார்டு. மாட்டுவதற்குக் கூலி தனி.

கழற்றியவர்கள் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், பரணில் வைத்திருங்கள்.