மீட்டருக்குச் சூடு வைத்த மதர்போர்டு

கேள்வி: ஓவர்கிளாக்கிங் பிரியர்களுக்கான புது மதர்போர்டு, கடைக்கு வருவதற்கு முன்பே போட்டிப் போர்டுகளைவிட 5 சதவீதம் வேகம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: வேகத்தை நம்பலாம். அது யாருடைய வேகம் என்பதுதான் வம்பு.

போர்டில் இருந்த மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் குடியேறி வெகுகாலம் ஆயிற்று. ஏஎம்டியின் அத்லான் 64-இல் 2003, இன்டெலின் கோர் ஐ7-இல் 2008. அதன்பின் அதே பிராசஸர், அதே ராம், அதே செட்டிங் என்றால் போர்டுக்குப் போர்டு வித்தியாசம் நூலிழைதான்.

பிறகு அந்த 5 சதவீதம் எங்கிருந்து வரும்? 2012-இல் வந்த கோர் ஐ7-3770கே, நான்கு கோரும் உழைத்தால் 3.7 கிகாஹெர்ட்ஸ், ஒன்று மட்டும் உழைத்தால் 3.9 என்ற கணக்கில் ஓடுவது. சில இசட்77 போர்டுகள் யாரும் கேட்காமலேயே நான்குக்கும் 3.9 கொடுத்தன. கிடைத்தது ஏறக்குறைய அதே 5 சதவீதம்! பெயர் போர்டுக்கு, வியர்வை பிராசஸருக்கு. அதற்கும் முன்பு, 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைச் சத்தமில்லாமல் ஓரிரு மெகாஹெர்ட்ஸ் ஏற்றிவைத்த போர்டுகளும் உண்டு. ஆட்டோ மீட்டருக்குச் சூடு வைக்கிற அதே கலை.

ஓவர்கிளாக் போர்டின் லட்சணம் முதல் நாள் மதிப்பெண்ணில் தெரியாது. எவ்வளவு வோல்டேஜில் எந்த வேகம், முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடினால் விஆர்எம் (பிராசஸருக்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும் பகுதி) எவ்வளவு கொதிக்கிறது, ராம் தடுமாறாமல் நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.