தொட்டாற்சுருங்கி

அட்லாண்டா நகரத்தில், வானிலை அறிக்கையை வேறு யாரும் படிக்காத விதத்தில் படிக்கிற பெண்மணிகள் உண்டு. மழை வருமா என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை. அதற்குத்தான் குடை இருக்கிறதே. அவர்கள் தேடுவது, காற்றில் எவ்வளவு ஈரம் ஒளிந்திருக்கிறது என்று காட்டும் பனிநிலை எண்ணை. ஜார்ஜியா மாநிலத்து ஜூலையில் அந்த எண் இருக்கும் இருப்பைப் பார்த்துவிட்டு, அவர்களில் ஒருவரான நம்முடையவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். நவம்பர் வந்து காற்று காய்ந்ததும் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அம்மா தலைமுடியை நேராக்கப் போகிறார்.

இவர் கறுப்பினப் பெண். வயது நாற்பதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. தொழில் கணக்குத் தணிக்கை, இல்லையென்றால் தணிக்கைக் குணம் தேவைப்படும் வேறொன்று. கூந்தல் 4சி. ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர், 1990களில் உலகத்து முடியையெல்லாம் நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகை நேர்முடி, நான்காவது சுருள்வில் முடி. பின்னால் வந்தவர்கள் அந்த நான்கின் அடியில் ‘சி’ என்று ஒரு கடைசிப் பிரிவையும் சேர்த்தார்கள். இவர் முடியை இழுத்துப் பிடித்தால் தோளுக்குக் கீழே வரும். விட்டால் காதோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். இழை திரும்பும் ஒவ்வொரு வளைவும் ஒடியத் தயாராக இருக்கும் இடம். மண்டையில் ஊறும் எண்ணெய் அத்தனை வளைவுகளைத் தாண்டி நுனிக்கு வந்து சேராது. நுனி எப்போதும் வறட்சி. சீப்பு பட்டால் முறியும், துண்டு உரசினால் முறியும், பருத்தித் தலையணை உறைகூடப் பகை. ஆகவே அவருடைய கொள்கை ஒன்றே: தலையில் கை படக் கூடாது.

கை படாமல் ஒரு தலையை நேராக்குவதற்கு எத்தனை வேலை என்பதை அந்த வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வியாழக்கிழமை மாலையே ஆரம்பித்துவிடும். தலையை எட்டாக வகிர்ந்து, ஒவ்வொரு பகுதியிலும் கண்டிஷனரைக் குழைத்து, விரலாலேயே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பார். கண்ணாடியில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு பகுதியையும் எத்தனை முறை தொட்டோம் என்று கோடு போட்டுக்கொள்வார். தணிக்கையாளர் அல்லவா! கோடு போட எழுந்து வரும்போது மனம் கேட்காமல் ஒரு பகுதியைத் தடவிப் பார்த்துவிடுவார். அதற்கும் ஒரு கோடு.

பிறகு நூல் சுற்றும் படலம். மேற்கு ஆப்பிரிக்காவில் யொருபாப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது: முடியை அடியிலிருந்து நுனிவரை நூலால் இறுக்காமல் சுற்றிக் காயவிட்டால், சூடே இல்லாமல் சுருள் நீண்டுகொடுக்கும். சுற்றி முடித்த தலையோடு நம்முடையவர் கதவைத் திறக்கும்போது பார்சல் கொண்டுவந்த பையன் ஒரு படி இறங்கி நிற்பான். அவருக்குக் கவலையில்லை. ஈரம் போனபின் இருக்கும் உருவத்தையே முடி பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் அவிழும், காய்ந்தால் மறுபடி கூடும். கூடுகிற நேரத்தில் முடி நீண்டிருந்தால் நீண்டே இருக்கும். வேதியியலைப் பள்ளியில் தூங்கிக் கழித்தவர்களெல்லாம் முப்பது வயதுக்குமேல் இப்படிப் பாடம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் தலைமுடியைச் சேர்த்திருந்தால் அப்போதே தேறியிருப்பார்கள்.

நிரந்தரமாக நேராக்க மருந்து இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம், அவரிடம் கேட்காதீர்கள். அந்த மருந்துக்கு நூற்றாண்டுக் கதை உண்டு. தையல் ஊசி சூடேறாமல் இருக்க ஒரு திரவம் கலக்கிக்கொண்டிருந்த காரெட் மார்கன், அது பட்ட கம்பளித் துணியின் இழைகள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு, பக்கத்து வீட்டு நாயின் மேல் பூசிப் பார்த்தார் என்பார்கள். நாயை அதன் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியவில்லையாம். 1913 வாக்கில் அது களிம்பாகக் கடைக்கு வந்தது. அதே மார்கன்தான் 1923இல் போக்குவரத்துச் சைகைக் கம்பத்துக்கும் காப்புரிமை வாங்கினார். வண்டியோ முடியோ, இஷ்டத்துக்கு வளையக் கூடாது என்பதில் மனிதர் உறுதியாக இருந்திருக்கிறார். பிற்காலத்து மருந்துகள் பலவற்றில் இருந்தது காரச்சோடா. கந்தகப் பிணைப்பையே உடைப்பது. மண்டைத் தோலையும் விட்டுவைக்காது. நம்முடையவர் பத்து வயதிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு, ஒருநாள் நிறுத்தியவர். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வை ஃபோனில் வைத்திருக்கிறார். முடி நேராக்கும் பொருட்களைத் தொடாத பெண்களில் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. இதைக் காட்டும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை.

சவுரி முடியும் வேண்டாம். கிறிஸ் ராக்கின் ‘குட் ஹேர்’ என்ற 2009ஆம் ஆண்டு ஆவணப்படம், இந்தியக் கோயிலில் மொட்டை போட்டு இறக்கிய கூந்தல் அமெரிக்கத் தலைகளில் ஏறும் கதையைக் காட்டியது. நம் அத்தைமார் முருகனுக்கோ பெருமாளுக்கோ கொடுத்துவிட்டு மறந்துபோன முடி! “வேறொருத்தர் வேண்டுதலை நான் ஏன் சுமக்கணும்?” என்பது அவர் கேள்வி.

சனிக்கிழமை நூலை அவிழ்த்து, சூட்டிலிருந்து காக்கும் சிலிக்கோன் திரவத்தைத் தடவி, இஸ்திரிக் கருவியை எடுப்பார். அது 230 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் சுருள் செத்தால் செத்ததுதான், எந்தத் தண்ணீரும் அதை எழுப்பாது. எனவே வெகுவாகக் குறைத்து வைத்து, மெல்லிய கற்றையாகப் பிரித்து, முன்னே சீப்பு ஓட, பின்னே இரும்பு ஓட, ஒரே ஓட்டம். இரண்டாவது ஓட்டம் கிடையாது. அந்த ஒரு ஓட்டத்துக்கு மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் ஊரடங்கு. குளியலறையில் ஆவி கூடாது. கணவர் வெந்நீரில் குளிப்பதானால் ஜிம்முக்குப் போக வேண்டும். சமையலறையில் பாஸ்தா வேகும்போது நம்முடையவர் தோட்டத்தில் நிற்பார். இரவில் முடியைத் தலையைச் சுற்றிப் படியச் சுருட்டி சாட்டின் துணி கட்டுவார். பையன் பள்ளியில் அம்மாவை வரையச் சொன்னால் அந்தத் துணியோடுதான் வரைகிறான். மண்டை அரித்தால் சொறியக் கூடாது; உள்ளங்கையால் தட்ட வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்க, இவர் தன் தலையைத் தானே பட்பட்டென்று அடித்துக்கொள்வார். மேலாளர் அதைத் தன் பேச்சைப் பற்றிய கருத்து என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் முடிப்பதும் உண்டு. உடற்பயிற்சிக்கும் விடுப்பு. நாட்டின் தலைமை மருத்துவராக இருந்த ரெஜினா பெஞ்சமின் 2011இல் இதே அட்லாண்டாவில் நடந்த சிகைக் கண்காட்சிக்கே வந்து, முடிக்காகப் பெண்கள் உடற்பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்றார். நம்முடையவருக்கு அதில் முழு உடன்பாடு. டிசம்பரிலிருந்து.

அலுவலகத்தில்தான் உண்மையான சோதனை. “அடேயப்பா, ஒரே வாரத்தில் இவ்வளவு வளர்ந்துவிட்டதே!” என்று ஒரு வெள்ளைக்காரச் சக ஊழியர் கையை நீட்டிக்கொண்டு வருவார். நம்முடையவர் காபிக் கோப்பையை வலக்கைக்கு மாற்றி, இடத்தோளைத் தாழ்த்தி, அரையடி பின்வாங்குவார். குத்துச்சண்டை மேடையில் பார்க்க வேண்டிய நேர்த்தி. முடியின் இயல்பைக் காரணம் காட்டி யாருக்கும் வேலை மறுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019இல் சட்டம் போட்டது. நீளும் கைக்குச் சட்டம் போட்ட மாநிலம் எதுவும் என் காதில் விழவில்லை.

இத்தனையும் எதற்கு? நுனியை ஒழுங்காக வெட்ட. ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று, முதுகில் கோடும் எண்ணும் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு படம் எடுக்க. இரண்டு வாரம் வேறொருத்தியாக நடந்து பார்க்க. படம் எடுத்ததும் அவரே ஷவரின் கீழே போய் நிற்பார். அப்போதுதான் பரீட்சை: ஒவ்வொரு இழையும் பழைய சுருளுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதது சூட்டில் செத்தது.

சென்ற முறை எல்லாம் திரும்பின, நெற்றியோரம் ஒரு கற்றையைத் தவிர. அது ஈரத்திலும் நேராகத் தொங்கியது. குடும்பம் கூடத்தில் கூட்டப்பட்டது. கணவர் பாஸ்தாவை மறுத்தார். பையன் அழுதான். தாளிலிருந்த கோடுகளெல்லாம் சரியாக இருந்தன.

கடைசியில் நன்றி செலுத்தும் நாளுக்கு வந்து தங்கியிருந்த பாட்டி வாயைத் திறந்தார். அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால், “காதைப் பிடிச்சுக்கோ” என்று அதட்டியபடியே ஈஸ்டருக்கு முந்தின இரவில் நாலு பெண்களின் தலையை முடித்த கை அது.

“நீ சோபாவில தூங்கிட்டிருந்தே. முன்னாடி மட்டும் கொஞ்சம் சுருண்டிருந்துது. சீப்பு என் பையிலதான் இருந்துச்சு.”

“அம்மா!”

“கத்தாதே. காது சுட்டுதா? இல்லல்ல?”