காக்கா, தாதா, மாமா

தான்சானியாவில் இறங்கிய முதல் வாரத்திலேயே என் குடும்பம் உருமாறிவிட்டது. மகன் காக்கா ஆனான். மகள் தாதா ஆனாள். என் மனைவி மாமா ஆனாள். சுவாஹிலியில் காக்கா என்றால் அண்ணன், தாதா அக்கா, மாமா அம்மா. தரங்கம்பாடியில் போதகரான என் மனைவியாகப் பதினைந்து வருஷம் ‘ஐயரம்மா’வாக இருந்தவள், “உங்க தங்கச்சி வீட்டுக்காரரைத்தான் பிள்ளைங்க இப்படிக் கூப்பிடணும்” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போனது கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷிக்கு. 5,895 மீட்டர் மலை பாதி நாள் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் பழைய பந்தம் உண்டு. தரங்கம்பாடியில் ஊழியம் செய்த லைப்சிக் மிஷன்தான் 1893-இல் அந்த மலையடிவாரத்துக்கும் போனது. ஒரே மாமியாரிடம் குப்பை கொட்டிய இரண்டு மருமகள்கள் மாதிரி. அந்த உரிமையில்தான் கற்பிக்கப் போனேன்.

முதல் பிரசங்கம் ஞாயிறு ‘ஸா டாட்டு’ என்றார்கள். அகராதியைப் பார்த்தேன், மூன்று மணி. மத்தியானம் சோறு சாப்பிட்டு, சின்னதாகக் கண்ணயர்ந்து, அங்கி மாட்டி, இரண்டே முக்காலுக்குக் குடும்பத்தோடு போய் நின்றால் ஆலயத்தில் ஒரு பெரியவர் பெருக்கிக்கொண்டிருந்தார். அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுவார்களாம். காலை ஏழுதான் ஒரு மணி. மூன்று மணி என்றால் ஒன்பது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்ன மூன்றாம் மணி வேளை காலை ஒன்பது என்று வருஷாவருஷம் ஊரில் விளக்கம் சொன்னவன் நான்.

மறு ஞாயிறு ஆறு மணிக்கே ஆஜர். (நம் ஆறு.) இந்த முறை சுவாஹிலியிலேயே அறிமுகம் செய்துகொள்ளும் ஆசை. “நாங்கள் இந்தியர்கள்” என்பதற்கு ‘வாஹிந்தி’ என்று சொல்ல வேண்டும். நான் ‘மாஹிந்தி’ என்றேன். மாஹிந்தி என்றால் மக்காச்சோளம். “கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நாங்கள் மக்காச்சோளம்” என்று கைகூப்பி நின்ற என்னைப் பார்த்துப் பாடகர் குழு குலுங்கியது. என் பிள்ளைகளும் சிரித்தார்கள். அதுகளுக்கு அதற்குள் மொழி வந்துவிட்டிருந்தது.

எங்கள் மானத்தைக் காப்பாற்றியது ஏலம்தான். காணிக்கையாக வந்த வாழைத்தார், முட்டை, கோழியை ஆராதனை முடிந்ததும் வெளியே வைத்து ஏலம் விடுவார்கள். ‘ம்னாடா’ என்று பெயர். நம்மூர் அறுப்பின் பண்டிகையேதான். ஐயரம்மா முகத்தில் அன்றுதான் வெளிச்சம் வந்தது. ஒரே வாரத்தில் எண்களை மட்டும் லட்சம் வரை பாடம் பண்ணிவிட்டாள்.

ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி. ஐயாயிரம் ஷில்லிங்கில் ஆரம்பித்தது. விருந்தாளி சும்மா நிற்கக்கூடாதே என்று நானும் கை தூக்கினேன். கூட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் விடாமல் ஏற்றியது. நானும் விடவில்லை. மூப்பர்கள் முகமெல்லாம் பல். முப்பதாயிரத்தில் நான் மூச்சுவிட்டபோதுதான் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெற்றியோடு நடந்து வருவது யாரென்று தெரிந்தது.

“யாரோ ஒரு மனுஷன் விடவே மாட்டேன்னுட்டான்” என்றாள்.

முப்பதாயிரம் ஷில்லிங் கோழியை அறுக்க யாருக்கு மனசு வரும்? வளர்த்தோம். அது இட்ட முதல் ஆறு முட்டைகளை முதற்பலனாகக் காணிக்கை வைத்தோம். ஏலத்தில் அதையும் மாமாதான் எடுத்தாள்.