‘அதுக்கென்ன’ அண்டைவீட்டார்

பொதுச்சுவர் விவகாரத்தில் மறுப்பவரைக் காட்டிலும் இசைபவரே கொடியவர் என்பதைத் திருப்பனந்தாளில் கொல்லையுள்ள வீடு வைத்திருப்போர் எவரும் ஒப்புவர். மறுப்பவர்மீது வழக்குத் தொடரலாம். குறைந்தபட்சம் அவரோடு பேச்சையாவது நிறுத்திக்கொள்ளலாம். கொல்லைச் சுவர் சாய்கிறது என்றதும் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “அதுக்கென்ன தம்பி, செஞ்சுடுவோம்” என்று முகம் மலர உரைப்பவரிடம் இவற்றுள் எதுவும் செல்லாது.

பொதுச்சுவர் என்பது இரு மனைகளின் எல்லைக்கோட்டில் நின்று, இருவருக்கும் பாதிப் பாதி பாத்தியப்பட்டதாகக் கிரயப்பத்திரத்தில் எழுதப்பட்ட சுவராகும். ஒருவர் இசைவின்றி மற்றவர் அதை இடித்துக் கட்டப் புகுந்தால் வழக்குக்கு இடமுண்டு. காவிரிப் படுகையின் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கி, மழையில் ஊறி உப்பும் இயல்பினது. அதன்மேல் ஆழமில்லாத கடைக்கால், அதாவது அஸ்திவாரம், இட்டுச் சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழஞ்சுவரின் அடிவரிசைச் செங்கல் உவர் பூத்து உதிர, மேலே அரசங்கன்று வேர்விட, அண்டைவீட்டாரின் குளியலறை நீர் சுவரோர வாழைக்கு இடையறாது பாய, சுவர் அவர் பக்கமாகவே சாயத் தொடங்குகிறது. கொத்தனார் தூக்குக்குண்டை, அதாவது சுவரின் நேர்நிலையை அறிய நூலில் கட்டித் தொங்கவிடும் எடையை, மேலிருந்து இறக்கிக் காட்டினால், அண்டைவீட்டாரும் குனிந்து பார்த்து, கொத்தனாரைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டு, பாதிச் செலவு தம்முடையதே என்பதைக் கேளாமலேயே ஒப்புக்கொள்கிறார். நாள் குறிப்பது மட்டுமே மிச்சம்.

அந்த நாள் எந்த மாதத்திலும் இல்லை. சித்திரையில் கேட்டால் கத்திரி வெயிலில் கொத்தனார் சுருண்டு விழுவார் என்று இரங்குகிறார்; வைகாசியில் அவருக்கு ஓயாமல் முகூர்த்தங்கள்; ஆனியில், ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறக்கும் மரபையொட்டிக் குறுவை என்னும் குறுகியகால நெல்லை நடும் பருவமாதலால், சித்தாள் கிடைக்க மாட்டார் என்கிறார். ஆடியில் நல்ல காரியம் தொடங்கலாகாது. ஆவணியில் குறுவைக் கதிர் முற்றுவதால் அறுத்துப் பணம் கைக்கு வரட்டும் என்கிறார். பணம் வரும்போது புரட்டாசி பிறந்துவிடுகிறது. புரட்டாசியில் வாஸ்து நாள் கிடையாது: வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாள்களே விழித்தெழுவதாகவும், ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் கண் திறப்பதே இல்லை என்றும் பஞ்சாங்கம் வகுத்திருப்பது அவருக்கு மனப்பாடம். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குரியவை, “மழையில சுவத்தத் தொடலாமா தம்பி? நின்னது நிக்கட்டும்” என்கிறார். மார்கழி பீடை மாதம். தையில் சம்பா அறுவடை. மாசியில் அந்த நெல் அரசின் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்க, பங்குனியில் வாஸ்து புருஷன் மீண்டும் உறங்கிவிடுகிறார். இக்காரணங்களுள் ஒன்றையும் பொய்யென்று தள்ள முடியாததே இவரது தனித்திறம். மனைகோலி வீடு எழுப்புவதற்குரிய வாஸ்து, விழப்போகும் கொல்லைச் சுவரை எடுத்துக் கட்டவும் வேண்டுமா என்று கேட்டவர்க்கு, “நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு மனக்குறை வரக்கூடாதுல்ல” என்ற விடையே கிடைத்தது. அதே மார்கழியில் அவர் தம் மாட்டுக்கொட்டகைக்குச் சிமெண்ட் தளம் போட்டார்.

தலபுராணமும் அவர் பக்கமே நிற்கிறது. இவ்வூர் அருணசடேசுவரர் கோயிலில், தாடகை என்னும் பெண் மாலை சாத்தக் கையுயர்த்த இயலாது தவித்தபோது இலிங்கம் தலைசாய்த்து மாலையை ஏற்றது என்றும், சோழ மன்னன் யானை பூட்டி இழுத்தும் நிமிராத அதனைக் குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்றும் வரலாறு கூறும். “சாமியே சாஞ்சு நின்ன ஊரு தம்பி இது” என்று தொடங்கும் அண்டைவீட்டார், நாயனார் வரும் இடத்துக்குச் சற்று முன்பே கதையை முடித்துவிடுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. விழுந்து அக்கம்பக்கத்தார்க்குத் தீங்கு செய்யும் நிலையிலுள்ள கட்டடத்தை அகற்றவோ, பழுதுபார்க்கவோ, முட்டுக்கொடுக்கவோ ஆணையிடும் அதிகாரம், முன்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவிலும், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்க்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் மனு எழுத உட்கார்ந்தவரின் கை, திண்ணையில் ஒரு கட்டு முருங்கைக்காயை அண்டைவீட்டார் வைத்துவிட்டுப் போவதைக் கண்டு நின்றுவிடுகிறது. நள்ளிரவில் இவ்வீட்டுப் பாட்டிக்கு மூச்சு முட்டியபோது கும்பகோணத்துக்குக் கார் பிடித்தவரும் அவரே.

எனினும் முருங்கைக்காய் சுவரைத் தாங்காது. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின்மீது சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. அச்சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக அங்குள்ளோர் கூறினர். இங்கோ, சாய்ந்த சுவரின் நிழல் குளுமையாக இருக்கிறதென்று பிற்பகலில் அதனடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பேத்தியைத் தூங்க வைக்கிறார் அண்டைவீட்டார். இதில் சிரிப்பதற்கு எதுவுமில்லை, கட்டிலையாவது நகர்த்தலாம்.

பொறுக்க மாட்டாமல் ஓர் ஆடியில், இப்புறத்தார் தம் செலவிலேயே அவர் பக்கம் மூன்று சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்தனர். அண்டைவீட்டார் மனமார நன்றி கூறி, அந்த வாரமே கழியடியில் அவரை விதை ஊன்றினார்; கொடி முட்டுகளின்மீது பந்தல்போல் படர்ந்தது. மழை ஓய்ந்து, மார்கழி கழிந்து, தை பிறந்ததும் சுவரை எடுத்துக் கட்டும் பேச்சு மீண்டும் வந்தது.

“அதுக்கென்ன தம்பி, செஞ்சுடுவோம். அவரை காய்ச்சு ஓயட்டும்.”